சோலை ஈந்த சொல்

நுழையும்முன்

மருத்துவமனைச் சீட்டிலும் உயிரியல் நூலிலும் காணப்படும் நீண்ட கலைச்சொற்கள் கற்போரை மிரள வைக்கின்றன. அவற்றைப் பகுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் எளிய சொற்கள் சிலவற்றின் சேர்க்கை என்பது புலப்படும். பழனி மலைத்தொடரையும் கோடைக்கானலையும் களமாகக் கொண்டு, இச்சொற்கள் பொருள் பெறும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

கெட்ட காற்றும் நல்ல மலையும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல் அமைந்துள்ளது கோடைக்கானல். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845ஆம் ஆண்டு இங்குக் குடியிருப்புகளை அமைத்தனர். சமவெளியின் வெப்பமும் காலராவும் காய்ச்சலும் அவர்களை மலையேறச் செய்தன.

சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என அக்கால ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல்லே மலேரியா. இத்தாலிய மொழியில் ‘மாலா’ என்பது கெட்ட என்றும், ‘ஆரியா’ என்பது காற்று என்றும் பொருள்படும். 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் இலாவரான், நோயாளியின் குருதியில் இந்நோய்க்குரிய ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ஆய்வு செய்த ரொனால்டு ராஸ், அனாபிலஸ் கொசுவின் உடலில் அவ்வொட்டுண்ணியைக் கண்டறிந்தார். காற்று குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. ஆயினும் பெயர் மாறவில்லை.

அவ்வாறாயின் மலையேறியவர்கள் நலம் பெற்றது எவ்வாறு? உயர்ந்த மலையின் குளிரில் கொசுக்கள் பெருகுவது அரிது. கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர்வதும் அரிது. அவர்கள் நம்பிய காரணம் பிழையானது. தேர்ந்த இடம் சரியானது.

தமிழ் மக்கள் இந்நோயை முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் வழங்கினர். விட்டுவிட்டு முறைவைத்து வருவதும், குளிர்நடுக்கத்துடன் தொடங்குவதும் இக்காய்ச்சலின் இயல்பு. காரணத்தை ஊகித்து இட்ட பெயர் பிழையாயிற்று. கண்டதைக் கண்டவாறு கூறிய பெயர் இன்றும் பொருந்துகிறது. ஆகவே, ஒரு சொல்லின் உறுப்புகள் உணர்த்துவது பெயரிட்டவர் அன்று அறிந்ததை மட்டுமே. இன்றைய அறிவியல் தரும் பொருளையும் அதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

அழலும் அருவியும்

ஹெபடைட்டிஸ், காஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் ஆகிய மூன்றும் ‘ஐட்டிஸ்’ என்னும் ஈற்றைக் கொண்டவை. இவ்வீறு அழற்சியைக் குறிக்கும். முன்னுள்ள கிரேக்கப் பகுதிகள் முறையே கல்லீரல், இரைப்பை, மூட்டு என்பவற்றைக் குறிக்கும். இவ்வீற்றின் பொருளை அறிந்தவர்க்கு, இதே ஈற்றைக் கொண்ட பல நோய்ப்பெயர்கள் விளங்கிவிடும். அழற்சி என்னும் தமிழ்ச்சொல், நெருப்பைக் குறிக்கும் அழல் என்பதோடு தொடர்புடையது. பாதிக்கப்பட்ட இடம் சிவந்து, வெப்பமுற்று, வீங்கி வலிப்பதை அச்சொல் கண்முன் நிறுத்துகிறது.

நீரிழிவு என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். இழிவு என்பதற்கு இகழ்ச்சி என்னும் பொருளை மட்டும் அறிந்தவர், அந்நோயையே தாழ்வானது எனக் கருதிவிடக்கூடும். இழிதல் என்பதற்கு இறங்குதல் என்பதும் பொருள். மலையிலிருந்து அருவி இழிகிறது என்பது இலக்கிய வழக்கு. உடலிலிருந்து நீர் மிகுதியாக வெளியேறும் நிலையே நீரிழிவு. இந்நோயின் கிரேக்கப் பெயரான டயாபெட்டீஸ் என்பதும் ‘ஊடே கடந்து செல்வது’ என்றே பொருள்படும். அதனுடன் சேரும் ‘மெல்லிட்டஸ்’ என்னும் இலத்தீன் சொல் தேன்போல் இனித்தலை உணர்த்தும். மதுமேகம் என்னும் பெயரிலும் தேன் உண்டு. சொல்லின் பொருள் தெளிந்தால், நோயுற்றவரின் வீண் நாணமும் நீங்கும்.

ஒரு சொல், இரு துறை

எண்டெமிக் என்னும் சொல் மருத்துவத்திலும் உயிரியலிலும் வழங்குகிறது. கிரேக்கத்தில் ‘எண்’ என்பது உள் என்றும், ‘டெமோஸ்’ என்பது மக்கள் என்றும் பொருள்படும். மருத்துவத்தில் இச்சொல், ஒரு வட்டாரத்தில் நிலைத்து நீடிக்கும் நோயைக் குறிக்கும். அந்நோய் வேறிடங்களிலும் இருக்கலாம். உயிரியலிலோ, ஒரு நிலப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழும் உயிரினத்தைக் குறிக்கும். தமிழில் அதனை ஓரிடவாழ்வி என்பர். இவ்வேறுபாடு சிறிதன்று. ஓரிடவாழ்வி தன் வாழிடத்தை இழந்தால், இயற்கையில் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

தமிழிலிருந்து உலகிற்கு

பழனி மலையின் உயர்பகுதிகளில், புல்வெளிகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தாக்குகளில் குட்டையான பசுமைமாறா மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இக்காடுகளே சோலைகள். மழைநீரை ஈர்த்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளாக விடுப்பவை இவை. உலக அறிவியலாளரும் இவற்றை ‘ஷோலா’ என்றே எழுதுகின்றனர்.

இச்சோலைகளில் வெண்ணிற வயிறு கொண்ட நீலக் குருவி ஒன்று வாழ்கிறது. பழனி மலையில் கிடைத்த பறவையைக் கொண்டு 1868ஆம் ஆண்டு பிளான்ஃபோர்டு என்பவர் இதனை அறிவியல் உலகிற்கு விளக்கினார். பின்னர் இது வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டது. மரபணு ஆய்வு இதன் தனித்தன்மையை நிறுவியதால், 2017ஆம் ஆண்டு புதிய பேரினப் பெயர் சூட்டப்பட்டது. அதுவே ஷோலிகோலா. சோலை என்பதோடு, வாழ்வது எனப் பொருள்படும் ‘கோலா’ என்னும் இலத்தீன் ஈறு சேர்ந்து ‘சோலைவாழ்வி’ என்னும் பொருளைத் தருகிறது. இப்பறவையின் சிற்றினப் பெயரான ஆல்பிவென்ட்ரிஸ் என்பதற்கு ‘வெள்ளை வயிறு’ என்பது பொருள்.

தமிழ் மாணவர் ஒருவர் இப்பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதன் பாதி அவருடைய தாய்மொழியிலேயே உள்ளது. ஆனால், சோலை அழிந்தால் அப்பெயர் சுட்டும் உயிரும் அழியும்; பொருளற்ற ஒலியாகப் பெயர் மட்டுமே எஞ்சும். சொல்லின் பொருளைக் காப்பது அகராதி மட்டுமன்று. அப்பொருள் உயிரோடு நிற்கும் மலையுமாகும்.

கற்பவை கற்றபின்

1. ‘ஐட்டிஸ்’ என முடியும் நோய்ப்பெயர்கள் ஐந்தினைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.
2. காரணம் கூறும் பெயர், தோற்றம் கூறும் பெயர் என நோய்ப்பெயர்களை வகைப்படுத்திக் கலந்துரையாடுக.
3. நும் ஊரில் வழங்கும் மரம், பறவை ஆகியவற்றின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவற்றின் பெயர்க்காரணத்தை விளக்குக.