கொஞ்சிக்கொண்டே கடிக்கும் பூனைக்கு

பூனாகலை லயத்துக் காம்பராக்களில் எலி பிடிக்கவென்று வளர்க்கும் பூனை, சீக்கிரமே மடிக்கு ஏறிவிடுகிறது. பல்லும் நகமும் கூடவே ஏறுகின்றன.

1. குர்குர் என்று படுத்திருந்த பூனை சட்டென்று கடித்தால் கோபிக்காதீர்கள். தடவியது போதும் என்று முன்பே காட்டியிருக்கும்: வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பின்னால் மடங்கும். அப்போதே கையை எடுங்கள். கன்னமும் தாடையும் தடவலாம். மல்லாந்து காட்டினாலும் வயிறு வேண்டாம்.

2. எல்லாரும் பிரட்டுக்குப் போனபின் பகல் முழுக்கத் தூங்கும் பூனைக்கு அந்தியும் விடியலும் வேட்டை நேரம். நீங்கள் களைத்து வந்து கம்பளிக்குள் நீட்டும் கால்தான் அதற்கு எலி. படுக்குமுன் கயிற்று நுனியில் துணி முடிந்து இழுத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு சோறு வையுங்கள். தின்றதும் தூங்கிவிடும். கயிற்றை எடுத்து வைக்க மறக்காதீர்கள். விழுங்கினால் குடலில் சிக்கும்.

3. குட்டியிடம் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். எட்டு வாரமாவது அதைத் தாயோடு விடுங்கள். கூடப்பிறந்தவற்றோடு புரண்டுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று பழகுகிறது.

4. கவ்வினால் கையை இழுக்காமல் அசையாதிருங்கள். இழுத்தால் இரை தப்புகிறதென்று இன்னும் அழுத்தும். விட்டதும் எழுந்து போய்விடுங்கள். அடிக்கவே வேண்டாம், அடிபட்ட பூனை கையைக் கண்டாலே பயந்து கடிக்கும்.

5. நகம் தீட்ட, பழைய படங்கைக் கட்டையில் சுற்றி நட்டுவையுங்கள். நகம் வெட்டும்போது வெள்ளை நுனி மட்டும்.

6. சாதுவான பூனை திடீரென்று சீறினால் எங்கேயாவது வலிக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு துண்டு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்.

7. இதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். கடியோ கீறலோ, உடனே சவர்க்காரம் போட்டுப் பீலித் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளி, உள்ளே சீழ். விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனை கடித்தாலும் கீறினாலும் வரலாம். அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நேரத்தோடு ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அன்றைக்கே போங்கள். அரைப்பேர் போகுமே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். கடித்த பூனையை விரட்டவோ கொல்லவோ வேண்டாம்; 14 நாள் கண்பார்வையில் வைத்திருங்கள். ஊசி வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

8. கொழுந்து பறித்துக் கீறல் விழுந்த கையைப் பூனை நக்க விடாதீர்கள். நாய்க்குப் போடுவதுபோல் பூனைக்கும் வருஷா வருஷம் விசர் ஊசி உண்டு. தோட்டத்தில் நாய்களுக்கு ஊசி போட வரும்போது பூனையை ஒரு கூடையில் வைத்துத் துணியால் மூடித் தூக்கிப் போங்கள்.