தோற்றால் யார் தாங்குவது? பூல் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கான நிதிவழிகள்: ஓர் ஒப்பீடு

தொழில்முறைப் பூல் போட்டியில் ஆட விரும்பும் ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்யும்போதே அமைப்பாளரிடம் செலுத்த வேண்டிய தொகை நுழைவுக் கட்டணம் எனப்படும். ஆறு குழிகள் கொண்ட மேசையில் கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து எண்ணிட்ட பந்துகளைக் குழிக்குள் வீழ்த்தும் ஆட்டமாகிய பூல், ஸ்நூக்கருக்கும் பில்லியர்ட்ஸுக்கும் உடன்பிறப்பு. அவற்றுள் ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே தோன்றி, 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்ட பிறகே ஒழுங்கான வடிவம் பெற்றதால், இந்த ஆட்டக் குடும்பத்தைத் தமிழ்நாட்டுக்கு அயலானது என்று சொல்ல இடமில்லை. ஆயினும் கிளப்புக்குள் வளர்ந்த ஆட்டம் என்பதால் அதன் செலவுக் கணக்கு வசதி படைத்தோரின் கையிருப்பை ஒட்டியே அமைந்துவிட்டது. தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் போன்ற கரிசல் வட்டாரத்திலிருந்து ஓர் இளைஞரோ பெண்ணோ இதில் மேலேறி வர முனையும்போது, பதிவு முடியும் நாளுக்குள் பணத்தைத் திரட்டுவதே அவருக்கு முதற்போட்டியாக அமைகிறது. புரட்டாசியில் விதைத்துத் தையிலும் மாசியிலும் அறுக்கும் மானாவாரி வீட்டில் பணம் புழங்கும் மாதங்கள் சில மட்டுமே. போட்டி அறிவிப்புகளோ அறுவடையைப் பார்த்து வருவதில்லை.

நிதிவழிகளை ஒப்பிடுமுன் எந்தத் தொகைக்காகத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒன்றே செலவு என்று எண்ணிப் புறப்படுவோர் பலர். வெளிநாட்டுப் போட்டியாயின் விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், உணவு, போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சி மேசைக்கு மணிக்கணக்கில் தரும் வாடகை ஆகியவை சேர்ந்து கட்டணத்தை எளிதில் மிஞ்சிவிடும். பல பெரிய போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் இரட்டை நீக்க முறை உண்டு. அதாவது முதல் தோல்வியுடன் ஒருவர் வெளியேறாமல் இரண்டாவது தோல்வியில்தான் வெளியேறுவார் என்பதால், எத்தனை நாள் தங்க நேரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதைவிட, அந்த ஊரில் கால்வைத்துத் திரும்பி வர மொத்தம் எவ்வளவு என்று கேட்பதே சரியான தொடக்கமாகும்.

அடுத்ததாகப் பரிசுப் பட்டியலின் சரிவைப் பார்க்க வேண்டும். 2024-இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த உலகப் பூல் சாம்பியன்ஷிப்பில் 128 பேர் ஆடினர். மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், அதில் வென்றவருக்கு மட்டும் 2.5 லட்சம் டாலர். கால்பங்கு ஒருவருக்குப் போக, எஞ்சிய முக்கால்பங்கை 127 பேர் பகிர வேண்டும், அதுவும் சமமாக அன்று. உலகத் தரத்து ஆட்டக்காரர்களே தம் செலவை மீட்காமல் திரும்பும் வாரங்கள் உண்டு என்னும்போது, புதிதாக நுழைபவர் பணத்தை இழப்பதை விபத்தாகக் கருதாமல் இயல்பாகக் கருதியே திட்டமிட வேண்டியிருக்கிறது. இதனால்தான், எந்தப் பணம் மலிவு என்னும் கேள்வியைக் காட்டிலும், ஆட்டக்காரர் முதல் நாளிலேயே தோற்றால் அந்த இழப்பு யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்னும் கேள்வியே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இந்த அளவுகோலின்படி முதலிடம் பொதுநிதிக்கு உரியது, ஏனெனில் ஆட்டக்காரர் தோற்றாலும் அவர் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை. 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, விளையாட்டு வீரர்களின் பயணம், பயிற்சி, கருவிகள், போட்டிச் செலவு ஆகியவற்றுக்கு அரசு நிதியையும் நன்கொடைகளையும் திரட்டி வழங்குவதற்காக அமைந்தது. இதன் பயன் எத்தகையது என்பதை, பூலைப் போலவே குழிகள் கொண்ட பலகையில் ஆடப்படும் கேரம் காட்டுகிறது: சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, இந்த அறக்கட்டளை தந்த 1.5 லட்சம் ரூபாய் உதவியுடன் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைக்குச் சென்று மூன்று தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். 1.5 லட்சம் என்பது நகரத்துக் கிளப் ஒன்றில் சிறு தொகையாகத் தோன்றக்கூடும்; புறப்படும் நாளுக்கு முன்னால் கிடைத்த சிறு தொகை, வென்று வந்தபின் கிடைக்கும் பெருந்தொகையால் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பொதுநிதிக்கு எல்லையும் உண்டு. நாட்டையோ மாநிலத்தையோ பிரதிநிதித்துவம் செய்யும் போட்டிகளுக்கே அது பெரும்பாலும் எளிதில் கிடைக்கிறது. ஐபிஎஸ்எஃப் என்னும் பன்னாட்டு பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் கூட்டமைப்பின் உலகப் போட்டிகளுக்குத் தேசியச் சங்கத்தின் வழியாகவே பெயர் செல்ல முடியும். சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் மகளிர் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றது அத்தகைய போட்டியில்தான். தனியார் நிறுவனம் நடத்தும் பெரும்பரிசுத் திறந்த போட்டியோ, கட்டணம் செலுத்தும் எவரையும் ஏற்கும் என்பதால், அதை நாட்டுக்காக ஆடும் போட்டியாக அதிகாரிகள் கொள்வார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டண நாளை நெருங்கவிடக் கூடாது. குருவிகுளத்திலிருந்து முயல்பவர் முதலில் மாவட்ட, மாநிலச் சங்கத் தரவரிசையில் இடம்பெற்று, அதன் சான்றிதழோடு விண்ணப்பிப்பதும், பணம் பின்னர்தான் வரும் என்றால் இடைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு வைத்திருப்பதும் நலம்.

இரண்டாவது வழி உபயம். கோயில் கொடைக்கும் ஊர்க் கபடிப் போட்டிக்கும் முதற்பரிசு இன்னாருடையது, இரண்டாம் பரிசு இன்னாருடையது என்று நோட்டீஸில் அச்சிட்டு வழங்கும் பழக்கம் தென்மாவட்டங்களில் வேரூன்றியது. கோப்பையை வாங்கித் தருபவர் ஏராளம், ஆட்டக்காரரின் கட்டணத்தைக் கட்டுபவர் அரிது என்பது வருந்தத்தக்க உண்மை. தீப்பெட்டி, நூல், விசைத்தறித் தொழில்களைச் சேர்ந்த வணிகர்களிடம் உதவி கேட்கச் செல்பவர், சட்டையில் பெயர் பொறிப்பது முதல் கடைத் திறப்பு விழாவில் ஓர் அரைமணி நேரம் ஆடிக் காட்டுவது வரை தம்மால் எதைத் தர முடியும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால், அது இரப்பாக இல்லாமல் கொடுக்கல் வாங்கலாக மாறும். தோற்றாலும் கடன் இல்லை என்பதால் இது பொதுநிதிக்கு நிகரானது. ஒரு சட்டச் செய்தி மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓர் ஆண்டில் கைம்மாறின்றிப் பெறும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும். விளம்பரத்துக்கு ஈடாகப் பெறும் தொகையும் வருமானமே. ஆயினும் அதற்கு எதிரே பயணச் செலவையும் கட்டணத்தையும் கழித்துக்காட்ட வழி இருப்பதால், ரசீதுகளைப் பாதுகாப்பது பயன்தரும்.

மூன்றாவதாகிய பங்குமுறைதான் பூல் உலகில் மிகப் பழையதும் மிகுந்த கவனம் வேண்டுவதும் ஆகும். ஒருவர் செலவு முழுவதையும் ஏற்று, ஆட்டக்காரர் வெல்லும் பரிசில் ஒரு பகுதியைப் பெறுவது இதன் அமைப்பு. நிலக்காரர் நிலத்தைத் தர, உழுபவர் உழைப்பைத் தர, விளைந்ததை இருவரும் பகிரும் வாரத்தை அறிந்த வட்டாரத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளையாவிட்டால் வாரத்தில் கொடுக்க ஒன்றுமில்லை, குத்தகையிலோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவை அளந்தாக வேண்டும். பங்குமுறை வாரத்தைப் போன்றது, கடன் குத்தகையைப் போன்றது.

ஆனால் வாரம் என்று பேசிக் குத்தகையாக முடியும் ஒப்பந்தங்களும் உண்டு. ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு போட்டிக்கு மொத்தச் செலவு 3 லட்சம் ரூபாய். பரிசு வந்தால் முதலில் செலவைக் கழித்து எஞ்சியதை ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. 5 லட்சம் வென்றால் 3 லட்சம் பணம் போட்டவருக்குத் திரும்பி, மீதி 2 லட்சத்தில் ஆளுக்கு 1 லட்சம் கிடைக்கும். ஒன்றும் வெல்லாவிட்டால் இழப்பு பணம் போட்டவருடையது, கணக்கு அத்துடன் முடிந்தது. இதே பேச்சில் முந்தைய இழப்பை அடுத்த போட்டிக்குக் கொண்டுசெல்லலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் நிலைமை தலைகீழாகும்: இரண்டு போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பி மூன்றாவதில் 10 லட்சம் வென்றாலும், மூன்றுக்குமான 9 லட்சம் போக எஞ்சுவது 1 லட்சமே, ஆட்டக்காரரின் கைக்கு வருவது 50,000. அதற்குள் வேறொருவர் நல்ல நிபந்தனையோடு வந்தாலும், பழைய பாக்கி தீராமல் அவரால் நகர முடியாது. விசைத்தறியில் முன்பணம் வாங்கிய தொழிலாளி முதலாளியை மாற்ற முடியாமல் தவிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே பங்குமுறையைத் தேர்பவர் பங்கின் விகிதத்தைப் பற்றி அதிகம் பேரம் பேசுவதைவிட, ஒவ்வொரு போட்டியும் தனிக்கணக்கு என்பதை எழுத்தில் வாங்குவதில் உறுதியாக நிற்க வேண்டும். 50-க்குப் பதில் 40 விழுக்காடு கிடைத்தாலும் தனிக்கணக்கே மேல்.

பங்குமுறைக்கு அருகில் நின்று அதைப் போலவே தோன்றும் இன்னொன்று, அமெரிக்கப் பூல் கூடங்களில் நம் நாட்டு நகரத்தின் பெயராலேயே கல்கத்தா என்று வழங்கும் ஏலம். போட்டி தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏலம் விடப்படுவர். எடுத்தவர்களின் பணம் எல்லாம் ஒரு பொதுத் தொகையாகச் சேர்ந்து, இறுதியில் முன்னிடம் பெற்ற ஆட்டக்காரர்களை எடுத்தவர்களுக்குப் போகும். சில இடங்களில் ஆட்டக்காரர் தம்மையே பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஏலச்சீட்டுப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகப் படலாம், ஆனால் சீட்டில் போட்ட பணம் தள்ளுப் போக என்றாவது திரும்பும், இதில் திரும்பாது. ஆட்டத் திறனை நம்பியிருப்பினும் இது பந்தயமே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 30-ஆம் பிரிவின்படி பந்தய உடன்பாடுகள் செல்லாதவை என்பதால், ஏமாற்றப்பட்டால் நீதிமன்றமும் கைகொடுக்காது. பந்தயக்காரரின் பணத்தில் ஆடுபவருக்கு, ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் நெருக்கடி என்றேனும் வரும். 2023-இல் ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி நிர்ணயித்தல் உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தொழில்முறை ஸ்நூக்கரில் சீன ஆட்டக்காரர் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டு, அவர்களுள் இருவர் வாழ்நாள் தடை பெற்றனர். இந்த வழியை ஒப்பீட்டில் சேர்ப்பதே விலக்குவதற்காகத்தான்.

சொந்தப் பணம் என்பதிலும் தரம் உண்டு. பதிவுபெற்ற சீட்டில் ஓர் ஆண்டுக்கு முன்பே சேர்ந்து, போட்டி மாதத்தில் எடுப்பது ஒழுங்கான வழி; நடத்துபவரின் கழிவு 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது 2019-இல் திருத்தப்பட்ட சட்டம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைப்பது அதற்கு அடுத்த நிலை; வட்டி குறைவு, ஆனால் தோற்றால் நகைக்கு உரிய தாயோ மனைவியோ அதைத் தாங்குகிறார் என்பதால், நகைக்கு உரியவரே முடிவெடுத்தால் மட்டுமே அது ஏற்கத்தக்கது. ஒரே நகையை ஒரே ஆண்டில் இரண்டாம் முறை வைக்க நேர்ந்தால், அந்த ஆண்டு வெளியூர்ப் போட்டிகளை நிறுத்திக்கொள்வது நல்லது. கந்துவட்டியை இந்த வரிசையில் எந்த இடத்திலும் வைக்க முடியாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்த மண் இது. 2003-இலிருந்தே தடைச்சட்டம் இருந்தும் அது நிகழ்ந்தது.

பணம் திரட்டும் பேச்சே இல்லாமல் செலவைக் குறைக்கும் வழி ஒன்றையும் இங்கே எண்ண வேண்டும். முதன்மைப் போட்டிக்கு நேரே கட்டணம் செலுத்தாமல், சிறு கட்டணத் தகுதிச்சுற்றில் வென்று நுழைவது பல இடங்களில் இயலும். ஸ்நூக்கரில் கியூ ஸ்கூல் எனப்படும் தகுதிப் போட்டியில் வெல்பவர் இரண்டு ஆண்டுகளுக்குத் தொழில்முறைச் சுற்றில் இடம்பெறுகிறார். 2022–23 பருவத்திலிருந்து அந்தச் சுற்றின் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பருவத்துக்கு 20,000 பவுண்டு உறுதி செய்யப்பட்டு, பின்னர் வெல்லும் பரிசிலிருந்து அது கழித்துக்கொள்ளப்படும் ஏற்பாடு வந்தது. வெல்லாவிட்டால் திருப்பிக் கேட்காத முன்பணம் என்பதால், தனியார் பங்குமுறையில் ஆட்டக்காரர் கேட்டுப் பெற வேண்டிய நிபந்தனைக்கு இதுவே முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பரிசு அறிவிக்கப்படுவதும் பரிசு கைக்கு வருவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள் என்பதை ஒப்பந்தம் எழுதும்போது மறந்துவிடலாகாது. 2006-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் இன்டர்நேஷனல் பூல் டூர் நடத்திய உலகப் போட்டியில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ் 5 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆட்டத்தில் அதுவரை அறியப்படாத பெருந்தொகை அது. ஆனால் அமைப்பாளரிடம் பணம் இல்லாததால் ஆட்டக்காரர்களுக்கு உரிய பரிசு உரிய நேரத்தில் வரவில்லை, தவணை தவணையாகவே வந்தது. கடன் வாங்கிச் சென்றவர்களின் வட்டியோ அந்த மாதங்களிலும் ஓடியிருக்கும். ஆகவே கட்டணம் செலுத்துமுன் அமைப்பாளர் முந்தைய ஆண்டுகளில் எத்தனை நாளில் பரிசைக் கொடுத்தார் என்று ஆடியவர்களிடம் கேட்டறிவதும், பங்குதாரருக்கான பங்கு பரிசு அறிவித்த நாளில் அன்றி ஆட்டக்காரரின் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாளில்தான் தரத்தக்கது என்றும், தவணையாக வந்தால் ஒவ்வொரு தவணையும் அதே விகிதத்தில் பிரிக்கப்படும் என்றும், அன்னியச் செலாவணி மாற்றுக் கழிவையும் வரியையும் கழித்த பிறகே பங்கு கணக்கிடப்படும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் தேவையாகின்றன.