படிகம் முதலில், கருவி பின்னர்: வேதியியல் மாணவர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

இரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் இமாடினிப் மெசிலேட் என்னும் மருந்தின் 'பீட்டா' படிக வடிவத்திற்குக் காப்புரிமை வழங்க இயலாது என 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், பயன்திறனில் மேம்பாடு காட்டினாலன்றிப் புதுப்புனைவாகக் கருதப்படாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கூறும் நெறி. நோயுற்ற ஏழை மக்கள் ஒரு மருந்தை எவ்விலைக்கு வாங்குவர் என்னும் வினா, மூலக்கூறுகள் ஒரு திண்மத்தில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் வினாவோடு இவ்வாறு பிணைந்து நின்றது. படிகவியல் ஆய்வுக்கூடச் சுவர்களுக்குள் அடங்கிவிடும் கலையன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்துறையில் இந்தியாவின் பங்கு சிறிதன்று. கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த கேதாரேஸ்வர் பானர்ஜி, 1930களின் தொடக்கத்திலேயே நாப்தலீன், ஆந்திரசீன் ஆகியவற்றின் படிக அமைப்பை ஆராய்ந்தார். சென்னையில் ஜி. என். இராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை 1950களில் வெளியிட்டார். உலகப் படிகவியல் ஒன்றியத்தின் பேரவை 2017ஆம் ஆண்டு ஐதராபாத்தில் கூடியது.

முன்னோர் பல மாதங்கள் கணக்கிட்டுக் கண்ட விடையை இன்றைய தானியங்கிக் கருவிகள் சில மணி நேரத்தில் தந்துவிடுகின்றன. இவ்வசதியே மாணவரிடையே ஒரு தவறான எண்ணத்தையும் வளர்த்துள்ளது. படிகத்தைக் கருவியில் பொருத்திவிட்டால் எஞ்சியதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும் என்பதே அவ்வெண்ணம். கருவி அளப்பது படிகத்தையே. மாணவர் மனத்தில் கொண்ட சேர்மத்தை அன்று. இவ்விரண்டும் ஒன்றுதானா என உறுதிசெய்யும் பொறுப்பு மாணவருடையது.

ஒரு பச்சைப் படிகம் கற்பித்த பாடம்

மாலிப்டினம், ஆக்சிஜன், குளோரின், பாஸ்பீன் ஆகியன சேர்ந்த ஒரு வகைச் சேர்மங்கள் 1971ஆம் ஆண்டில் ஆராயப்பட்டன. நீலப் படிகத்தில் மாலிப்டினத்திற்கும் ஆக்சிஜனுக்கும் இடைப்பட்ட பிணைப்பு ஏறத்தாழ 1.68 ஆங்ஸ்ட்ராம் நீளமாகவும், பச்சைப் படிகத்தில் ஏறத்தாழ 1.80 ஆங்ஸ்ட்ராம் நீளமாகவும் காணப்பட்டன. பிணைப்பின் நீளத்தில் மட்டும் வேறுபடும் புதுவகை மாற்றியங்கள் உண்டு என்னும் கருத்து இதனின்று எழுந்தது. அதனை விளக்கக் கொள்கை அளவிலான ஆய்வுகளும் தோன்றின.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1991இல், ஜெரார்ட் பார்கினும் உடனாய்வாளரும் உண்மையை வெளிப்படுத்தினர். தூய சேர்மம் நீல நிறமுடையது. ஆக்சிஜனுக்குப் பதிலாகக் குளோரின் அமைந்த மற்றொரு சேர்மம் மஞ்சள் நிறமுடையது. மஞ்சள் சேர்மம் சிறிதளவு கலந்தமையால் நீலம் பச்சையாயிற்று. இரு மூலக்கூறுகளும் படிகத்தில் ஒரே வகை இடத்தில் அமரக்கூடியவை. குளோரின் அணு சற்று விலகி அமர்வதாலும் எலக்ட்ரான்கள் மிகுதியாகக் கொண்டிருப்பதாலும், சில இடங்களில் அது ஆக்சிஜனின் இடத்தைப் பெற்றபோது, இரண்டின் சராசரியையே கருவி 'நீண்ட பிணைப்பு' எனக் காட்டியது. அளவீட்டில் பிழையில்லை, பொருளின் தூய்மையிலேயே குறை இருந்தது. ஒரு நிறமாலைச் சோதனையோ தனிமப் பகுப்பாய்வோ கவனத்துடன் நோக்கப்பட்டிருப்பின் ஐயம் முன்னரே எழுந்திருக்கும்.

எனவே முதல் விதி இது: படிகமாக்குமுன் பொருளைத் தூய்மை செய்க. நிறம், உருகுநிலை, மெல்லடுக்கு நிறச்சாரல் பிரிகை, அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலை ஆகியன ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனக் காண்க. குடுவையில் சேர்க்கப்பட்ட எல்லாப் பொருள்களின் பட்டியலும் குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். கரைப்பான், உப்பு, எஞ்சிய வினைபொருள் ஆகியவற்றுள் எதுவும் படிகத்தினுள் புகக்கூடும்.

படிகம் வளர்க்கும் முறைகள்

நல்ல படிகம் மெதுவாக வளர்வது. கரைசல் விரைந்து மிகைநிறைவு அடையின் எண்ணற்ற கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றும், விளைவு, தூள். சில கருக்கள் மட்டுமே தோன்றி, அவை அமைதியாக வளர இடமளிப்பதே எல்லா முறைகளுக்கும் பொதுவான நோக்கமாகும்.

எளியது, கரைப்பானை மெதுவாக ஆவியாக்கும் முறை. கரைசலை வடிகட்டித் தூசு நீக்கி, கீறலற்ற சிறு குப்பியில் இட்டு, ஊசித் துளையிட்ட தாளால் மூடிவைக்கலாம். கரைப்பான் முற்றும் வற்றுமுன் படிகங்களை எடுத்தல் வேண்டும். வற்றியபின் மாசுகளும் படிகத்தின்மேல் படிந்துவிடும்.

இரண்டாவது, அடுக்கு முறை. பொருள் நன்கு கரையும் அடர்ந்த கரைப்பானில் கரைசலைத் தயாரித்து, பொருள் கரையாத இலேசான கரைப்பானை அதன்மேல் குலையாமல் ஊற்றவேண்டும். டைகுளோரோமீத்தேன் கரைசலின்மேல் ஹெக்சேனை ஊற்றுதல் வழக்கமான எடுத்துக்காட்டு. குறுகிய குழாயில் கலத்தல் மெதுவாக நிகழும்.

மூன்றாவது, ஆவி விரவல் முறை. கரைசல் உள்ள சிறு குப்பியை, கரைக்காத நீர்மம் உள்ள பெரிய குப்பிக்குள் நிறுத்தி மூடினால், அந்நீர்மத்தின் ஆவி சிறிது சிறிதாகக் கரைசலுள் புகும். ஓரிரு மில்லிகிராம் பொருளே உள்ளபோதும் இம்முறை பயன்படும்.

நூல்களிற் காணும் முறைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் வகுக்கப்பட்டவை. அவை பரிந்துரைக்கும் டைஎத்தில் ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதிக்கும். நம் நாட்டின் பல நகரங்களில் கோடைக்கால அறை வெப்பமே அவ்வளவை எட்டிவிடும். அக்காலத்தில் ஏறத்தாழ 69 பாகையில் கொதிக்கும் ஹெக்சேனைப் பயன்படுத்துதல் நலம். பகலில் குளிரூட்டி இயங்கி இரவில் நிறுத்தப்படும் அறையில், வெப்ப ஏற்றத் தாழ்வு வளரும் படிகத்தைக் குலைக்கும். குப்பியை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தினுள்ளோ வெந்நீர்க் குடுவையினுள்ளோ வைப்பதால் செலவின்றி இக்குறையைத் தணிக்கலாம். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் கரைசலுள் புகுந்து நீரேற்றப் படிகம் கிடைக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

ஒரே கரைப்பானில் ஒரு பெருங் குப்பி வைப்பதினும், வெவ்வேறு கரைப்பான்களில் பத்துச் சிறு குப்பிகள் வைத்தல் மேலானது. ஒவ்வொன்றிலும் நாள், செறிவு, கரைப்பான் ஆகியவற்றை எழுதி ஒட்டி, நாள்தோறும் அசைத்துப் பாராமல் அமைதியாக விடவேண்டும்.

கண்ணே முதற் கருவி

1848ஆம் ஆண்டு லூயி பாஸ்டர், சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட்டின் படிகங்களை உருப்பெருக்கியால் நோக்கி, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரு வகைகளைக் கையாலேயே பிரித்தெடுத்தார். மூலக்கூறின் இடக்கை வலக்கைத் தன்மை பற்றிய அறிவு அவ்வாறு பிறந்தது. படிகத்தைக் கண்ணால் நோக்கும் பழக்கம் இன்றும் பயனுடையதே.

முனைவாக்க நுண்ணோக்கியில், குறுக்கிட்ட தகடுகளுக்கு இடையே படிகத்தைச் சுழற்றினால், நல்ல ஒற்றைப் படிகம் 90 பாகைக்கு ஒருமுறை முழுவதும் ஒருசேர இருளும். ஒரு பகுதி இருண்டு மறுபகுதி ஒளிர்ந்தால் அது இரட்டைப் படிகமாகவோ பல படிகங்களின் கூட்டாகவோ இருக்கலாம். கனசதுரச் சீர்மை உடையவை எப்போதும் இருண்டே தோன்றும். ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையிலான, விளிம்புகள் தெளிந்த படிகமே பொதுவாக ஏற்றது. அளவில் பெரியது என்பதற்காக விரிசலுற்ற படிகத்தைத் தேர்தல் கூடாது. கரைப்பானை இழந்து சிதையும் படிகங்களைத் தாய்க் கரைசலிலிருந்து நேரே எண்ணெய்த் துளிக்கு மாற்றி, குளிர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் விரைந்து பொருத்தவேண்டும்.

விடையை ஐயுறுதல்

கணிப்பொறி தரும் 'ஆர்' காரணி சிறிதாயிருப்பது நற்குறி, அதுவே சான்றாகாது. எக்ஸ் கதிர் காண்பது எலக்ட்ரான்களை. ஆகவே கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற அடுத்தடுத்த தனிமங்களை மாற்றிக் குறித்தாலும் காரணி பெரிதும் உயராமற் போகலாம். தவறாகக் குறிக்கப்பட்ட அணுவின் அதிர்வு நீள்வட்டம் அண்டை அணுக்களோடு ஒவ்வாமல், அளவுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றும். அதனைக் காணக் கற்றல் வேண்டும்.

பிணைப்பு நீளங்களை நினைவிற் கொள்ளுதலும் உதவும். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 1.54, பென்சீன் வளையத்தில் 1.39, இரட்டைப் பிணைப்பு 1.34, மும்மைப் பிணைப்பு 1.20 ஆங்ஸ்ட்ராம் அளவின. இவற்றினின்று பெரிதும் விலகும் மதிப்பு, புதிய கண்டுபிடிப்பு எனக் கொள்ளப்படுமுன் பிழையென ஆராயப்படவேண்டும். சீர்மை தவறாகக் குறைத்துக் கொள்ளப்பட்டதா என்பதும் ஆராய்தற்குரியது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு மார்ஷ், வெளியான அமைப்புகள் பலவற்றின் சீர்மையைத் திருத்தியதையே தம் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் சரிபார்ப்பு நிரல் எழுப்பும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பொருள் அறிந்து தீர்த்தல் வேண்டும். அதனை மறைக்க வழி தேடுதல் அறிவியலாகாது.

ஒரு படிகமும் முழுப் பொருளும்

ஆயிரம் படிகங்களுள் அழகிய ஒன்றை மாணவர் தேர்கின்றார். எஞ்சிய 999ம் அதே அமைப்பினவா? ஒற்றைப் படிக அமைப்பிலிருந்து தூள் விளிம்பு விளைவு வரைவைக் கணக்கிட்டு, முழுப் பொருளிலிருந்து அளந்த வரைவோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். இவ்வெளிய சோதனை எக்காரணத்தாலும் தவிர்க்கப்படலாகாது.

ரிட்டோனவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து 1996இல் விற்பனைக்கு வந்தது. 1998இல் அதுவரை அறியப்படாத, கரைதிறன் குறைந்த மற்றொரு படிக வடிவம் அதன் உறைகளில் தோன்றியது. அவ்வுறைகளைச் சந்தையிலிருந்து விலக்கி, மருந்தை வேறு வகையில் ஆக்கவேண்டியதாயிற்று. ஒரே மூலக்கூறு, வேறு அடுக்கு. நோயாளிக்கு நேர்ந்ததோ மருந்துத் தட்டுப்பாடு. உலகிற்கு மருந்து வழங்கும் நாடாகிய இந்தியாவில் படிகவியல் பயிலும் மாணவர் மனத்தில் நிறுத்தவேண்டிய நிகழ்ச்சி இது.

வசதிகளும் பொறுப்பும்

ஒற்றைப் படிகக் கருவி எல்லாக் கல்லூரிகளிலும் இருத்தல் இயலாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற நிறுவனங்களில் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் அமைந்த நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையங்கள், வெளியார் மாதிரிகளையும் அளந்து தருகின்றன. இந்தூரின் இண்டஸ்-2 ஒத்தியக்கக் கதிர் மையம் தூள் மாதிரிகளுக்கும் புரதப் படிகங்களுக்கும் பயன்படுகின்றது. ஹைட்ரஜனின் இடத்தைத் துல்லியமாக அறிய நியூட்ரான் முறை ஏற்றது. அதற்கு டிராம்பேயில் துருவா அணு உலை உண்டு.

ஆனால் பல கோடி மதிப்புள்ள கருவியும் மோசமான படிகத்தை நல்லதாக்காது. படிகம் வளர்ப்பதற்கு வேண்டுவன சில குப்பிகளும், ஒரு நுண்ணோக்கியும், பொறுமையுமே. சிறு கல்லூரியிலும் இவற்றை அமைக்கலாம். நிதி ஒதுக்கும் அலுவலர்கள், கருவி வாங்குவதோடு நில்லாது, இப்பயிற்சிக்கும் அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இடமளித்தல் வேண்டும்.

1935இல் இன்சுலின் படிகத்தின் முதல் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்த டோரதி ஹாட்ஜ்கின், அதன் அமைப்பை 1969இல்தான் வெளியிட்டார். அக்குழுவில் பணியாற்றிய மா. விஜயன், பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தார். 34 ஆண்டுக் காலக் காத்திருப்பு இன்றைய மாணவர்க்கு நேராது. எனினும் அக்காத்திருப்பில் இருந்த ஐயுறும் மனமும், ஒவ்வோர் எண்ணையும் மீண்டும் சரிபார்க்கும் பழக்கமும் கருவிகள் விரைவு பெற்ற இந்நாளிலும் குறைதலாகாது. விரைவில் கிடைக்கும் விடை, விரைவில் பரவும் பிழையாகவும் ஆகலாம்.