வரத்துக்கு விலை கொடுப்பவர்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கிலிருந்து தமிழில் முதல் நாவலை எழுதத் தொடங்கியிருக்கும் இளம் எழுத்தாளருக்கு,

பதின்ம வயது வாசகரை மனத்தில் கொண்டு எழுதப்படும் இளையர் புனைவில், 2008ஆம் ஆண்டு சுசேன் காலின்சின் 'ஹங்கர் கேம்ஸ்' வெளிவந்த பிறகு பெருகிய வகை டிஸ்டோபியா நாவல் ஆகும். பாதுகாப்பு, ஒழுங்கு, பொதுநலன் ஆகிய நல்ல பெயர்களைச் சூடிக்கொண்டு மனிதரை அடக்கிவைக்கும் ஒரு வருங்காலச் சமூகத்தைக் கற்பனை செய்வது அதன் இலக்கணம். அந்த வரிசையில் தாஹிரே மாஃபியின் 'ஷேட்டர் மீ' (2011) ஆபத்தான ஆற்றல் கொண்ட நாயகியை மையத்தில் நிறுத்துகிறது. ஜூலியட் என்னும் அந்தப் பெண் தொட்டால் தொடப்பட்டவரின் உயிர் வற்றிவிடும். அப்படி ஒரு சிறுவன் இறந்தபின் தனியறையில் அடைக்கப்பட்டிருக்கும் அவளை, ஆட்சியில் இருப்போர் தங்கள் ஆயுதமாக்கிக்கொள்ள முனைகிறார்கள். இத்தகைய நூலைக் கதைக்காக ஒருமுறை வாசித்தவர், எழுதும் தொழிலைக் கற்பதற்காக மறுமுறை வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பில் கண்ணைப் பறிப்பது நாயகியின் ஆற்றல் என்றால், மறுவாசிப்பில் பார்க்க வேண்டியது, அந்த ஆற்றலுக்கான விலையை யார் கொடுக்கிறார் என்பது.

அந்நூலின் மிகச் சிறந்த உத்தி அதன் முற்பகுதியில் இருக்கிறது. ஜூலியட் நினைத்ததும் அஞ்சி அழித்துவிட்டதுமான வாக்கியங்கள் குறுக்குக் கோடு கிழிக்கப்பட்டே அச்சாகியிருக்கின்றன. வெளியே நிற்கும் காவலரைக் காட்டிலும் அவளுடைய வாக்கியத்துக்குள் புகுந்துவிட்ட காவலே அந்த ஆட்சியின் வலிமையை நம்பவைக்கிறது. இளம் எழுத்தாளர் இந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தகப்பனாரிடம் சொல்ல எடுத்ததைத் தொண்டையிலேயே நிறுத்தி, "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துக்கொள்ளும் பெண்ணின் பேச்சில், தமிழுக்கே உரிய குறுக்குக் கோடு ஏற்கெனவே இருக்கிறது.

அந்நூலின் குறையும் அதே அளவுக்குப் பாடமாகும். தொடுகை கொல்லும் என்று விதி வகுத்த ஆசிரியர், அவளைக் காதலிக்கும் இளைஞர் இருவருக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு அளித்துவிடுகிறார். விலக்குக்கான காரணம் கதைக்குள் பிற்பாடு சொல்லப்பட்டாலும், ஆபத்து காதலுக்கு இடையூறு செய்யாத அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. இறந்த சிறுவனோ நாயகியின் மனவேதனைக்கு ஒரு காரணமாக மட்டும் எஞ்சுகிறான்.

இந்த இடத்தில் இளம் எழுத்தாளர் திரும்ப வேண்டிய நூல் சீத்தலைச் சாத்தனாரின் 'மணிமேகலை' ஆகும். அதைப் பௌத்த சமயக் காப்பியம் என்று மட்டும் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், அது ஆபத்தான ஆற்றல் பெற்ற ஓர் இளம்பெண்ணின் கதை என்பதைக் கவனிப்பதில்லை. மணிபல்லவத் தீவில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருக் கொள்ளவும், வான்வழியே செல்லவும், பசியைத் தாங்கவும் அவை உதவும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. பசியாற்றும் பாத்திரத்தால் எவருக்கும் கேடில்லை. கேடு வேற்றுருவிலிருந்து பிறக்கிறது. தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, அவள் காயசண்டிகை என்னும் விஞ்சைமகளின், அதாவது வித்தியாதரப் பெண்ணின், உருவை மேற்கொள்கிறாள். தன் மனைவியே வேற்று ஆடவனோடு பேசுகிறாள் என்று எண்ணிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வாளை ஓங்க, உதயகுமரன் வெட்டுண்டு சாகிறான். தற்காப்புக்காகப் போட்ட வேடம் ஒரு கொலையில் முடிகிறது, போட்டவளோ குற்றமற்றவள். இவ்வளவு கூர்மையான கதைப்பின்னலை அண்மைக்கால இளையர் நாவல்களில் தேடிக் காண்பது எளிதன்று.

இதன் பிறகு சாத்தனார் செய்வதை இன்றைய எழுத்தாளர் செய்ய முடியாது. கந்திற்பாவை, அதாவது தூணில் உறையும் தெய்வப் பாவை, முற்பிறப்பில் செய்த வினையே உதயகுமரனை வெட்டியது என்று விளக்கி, மணிமேகலையின் மேலிருந்த பாரத்தை இறக்கிவைக்கிறது. சாத்தனாரின் சமயத்துக்கு அது பொருந்தும். ஊழ்வினையை நம்பாத கதையுலகில் அந்தச் சாவின் கடன் இந்தப் பிறவியிலேயே நின்றுவிடும். அதை யாரிடம், எந்த வடிவில் தீர்ப்பது என்பது நாயகியின் மீதிக் கதை முழுவதையும் தீர்மானிக்கும். சேக்கிழார் சொல்லும் காரைக்கால் அம்மையார் வரலாற்றிலும் ஆற்றலுக்கு விலை கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: மனைவி புனிதவதி இறைவனிடமிருந்து மாங்கனியை வரவழைத்துக் காட்டியதும், கணவன் பரமதத்தன் வியக்கவில்லை, அஞ்சினான், கப்பலேறியவன் வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். வரத்தைக் கண்டு முதலில் நடுங்குவது பெரும்பாலும் அரண்மனை அன்று, வீடு.

ஆட்சியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழில் டிஸ்டோபியா வகைக்கு முன்னோடி சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலில் ஜீவா என்ற ஆட்சியாளரின் கீழ் மக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நிலா, சிபி என்ற அழகான பெயர்களே அடக்குமுறையின் அடையாளங்கள் என்பது வாசகருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதம்தான் திறமை. இடிந்த நகரத்தையும் கருகிய வானத்தையும் முதல் பக்கத்திலேயே காட்டும் எழுத்தாளர் அந்தத் தாமதத்தை இழந்துவிடுகிறார்.

சிங்கப்பூரில் எழுதுபவருக்கு இடிபாடுகள் தேவையே இல்லை. 1984ஆம் ஆண்டு முதல், தொடக்கநிலை மூன்றில் பயிலும் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, அவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவரை மீத்திறன் மாணவராகத் தெரிந்தெடுத்துத் தனி வகுப்பில் பயிற்றும் திட்டம் இங்கு நடந்துவந்தது. 2024 தேசிய தினப் பேரணி உரையில் அது அந்த வடிவில் தொடராது என்று அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தைக் கொடுங்கோன்மை என்று எழுதினால் அது பொய்யாகும், மோசமான நாவலுமாகும். அதனால் பயனடைந்தோர் உண்டு, அதை உருவாக்கியோரின் நோக்கமும் நல்லதே. ஆயினும், ஆற்றலைச் சிறுவயதிலேயே அளந்து பெயரிடும் ஒரு சமூகத்தில், அளவுகோலுக்குள் அடங்காத ஆற்றல் ஒன்று தோன்றினால் என்னவாகும் என்ற கேள்வி இந்த ஊர்ப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விளக்கமின்றியே புரியும். கெட்ட ஆட்சியை எதிர்க்கும் நாயகியைவிட, நல்லெண்ணம் கொண்ட ஆட்சிக்கு எங்கு வைப்பதென்று தெரியாமற்போன நாயகியை எழுதுவது கடினம், அதனாலேயே முயலத் தக்கது.

மெய்யான அடக்குமுறையின் சுவடு வேண்டுமென்றால் அதுவும் கிட்டத்திலேயே இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலை அப்பர் புக்கிட் தீமா சாலையில் நிற்கிறது. அதற்கு அருகிலுள்ள புக்கிட் பாத்தோக் குன்றின் மேல், இறந்த தம் வீரர்களுக்கு ஜப்பானியர் எழுப்பிய நினைவுச்சின்னத்தைக் கட்டியவர்கள் அவர்களிடம் சிறைப்பட்டிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள். தோல்வி நெருங்கியபோது ஜப்பானியரே அச்சின்னத்தை அழித்துவிட்டனர். ஏறிச் செல்லும் படிக்கட்டு மிஞ்சியது, உச்சியில் இப்போது ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. சிங்கப்பூரின் பெயர் சியோனான் என்று மாறியதும், கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டதும் கற்பனை அல்ல. வருங்கால ஆட்சி ஒன்றைப் புனைபவர், அன்றாட வாழ்வின் எந்தெந்தச் சிறு பொருள்களை ஓர் ஆட்சி முதலில் மாற்றுகிறது என்பதை இந்த மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியின் வரலாற்றிலிருந்து கற்கலாம்.

எழுத உட்காருமுன் 'மணிமேகலை'யின் பதினெட்டாம் காதை முதல் இருபத்து மூன்றாம் காதை வரை, உரையின் துணையோடு ஒரே மூச்சில் வாசிப்பது பயன் தரும். வேற்றுரு, கொலை, சிறை, மகனை இழந்த அரசி இராசமாதேவியின் பழிவாங்கல், அவள் மனமாற்றம் ஆகிய அனைத்தும் அந்த ஆறு காதைகளுக்குள் அடங்கும். அரசிக்குச் சாத்தனார் கொடுத்திருக்கும் இடத்தைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்; அவள் கொடியவளாகத் தோன்றும் ஒவ்வொரு செயலும் மகனைப் பறிகொடுத்த தாயின் செயல். இளம் எழுத்தாளரின் நாவலிலும் நாயகியின் ஆற்றலால் எவரேனும் அழிவாரென்றால், அடுத்த அத்தியாயத்தை நாயகியின் குரலில் தொடராமல், எதிர் புளோக்கில் ஏழாம் மாடியில் குடியிருக்கும், அழிந்தவரின் தாயின் குரலில் எழுதிப் பார்ப்பது நல்லது. அந்த அத்தியாயம் நாயகியின் அத்தியாயங்களைவிட வலுவாக அமைந்துவிட்டால் கதையின் மையம் இடம்பெயர்ந்துவிட்டது என்று கொண்டு, முதல் பக்கத்திலிருந்தே திருப்பி எழுதத் தயங்கக் கூடாது.