வெற்றிக்கிண்ணத்தைக் காப்பவர் யார்?



கிரான்பர்னில் குளிர்காலம் தொடங்கியதும் எமது மாணவர் சிலர் புத்தகப் பையோடு நீள்வட்டப் பந்தொன்றையும் வகுப்புக்குக் கொண்டுவருவது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு பந்துடன் வந்த மாணவர் ஒருவர், எழுத்துப் பயிற்சியின் நடுவே எழுந்து எம்மிடம் கேட்டார்: "சேர், கப்பை வெண்ட ஆக்கள் அதை என்ன செய்வினம்? அதிலை தண்ணி குடிப்பினமோ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு சென்று சிந்தித்தபோது, அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று என உணர்ந்தோம். கல்லூரிகள் தமக்குள் ஆடிப் பெறும் வெற்றிச் சின்னங்களுட் சில, உண்மையிலேயே தண்ணீர்ப் பாத்திரங்களாகும். அவற்றின் வரலாற்றையும், அவ்வரலாறு புகட்டும் பாடத்தையும் இம்மலரில் எழுத முற்பட்டோம்.

கல்லூரியும் போட்டியும்

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழ்நாட்டில் கல்லூரி எனின், பாடசாலைக் கல்வியை முடித்தோர் பட்டம் பெறப் பயிலும் இடமாகும். இலங்கையிலும் மெல்பேணிலும் சிறுவர் பயிலும் பாடசாலைகள் பலவும் கல்லூரி என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. உதைபந்தாட்டம் என்னும் சொல்லும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையில் அது உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடுவது. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதே பெயரில் நீள்வட்டப் பந்தைக் கையிலும் ஏந்தி ஆடுகின்றனர்.

மூன்றாவது சொல் போட்டி. போட்டியைப் பகையோடு ஒன்றாக எண்ணுவோர் உளர். பகைவன் தொலைந்து போகவேண்டும் என்றே மனிதர் விரும்புவர். நம்மோடு போட்டியிடுபவனோ அடுத்த ஆண்டும் வரவேண்டும். அவன் வராவிடின் நமக்கு ஆட்டமே இல்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தி மேலே படியுங்கள்.

மெல்பேணின் பழைய ஆட்டம்

மெல்பேண் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே ஒரு சிலை உண்டு. இரு சிறுவர் பந்துக்காக முட்டி மோத, அருகே ஒருவர் நடுவராக நிற்பார். அந்நடுவர் தொம் வில்ஸ் என்பவர். அவர் இங்கிலாந்திலே றக்பி பாடசாலையிற் கற்றுத் திரும்பியவர். சிறந்த கிரிக்கெட் வீரர்.

1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆம் திகதி அம்மைதானத்தை அடுத்த பூங்காவில் ஸ்கொட்ச் கல்லூரி மாணவரும் மெல்பேண் கிரமர் பாடசாலை மாணவரும் உதைபந்தாடினர். ஸ்கொட்ச் கல்லூரி 1851இல் தொடங்கப்பட்டது. மெல்பேண் கிரமர் பாடசாலையோ அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலேதான் திறக்கப்பட்டது. நான்கு மாதமே நிரம்பிய பாடசாலை தனக்கு முதற்கண் தேடிக்கொண்டவற்றுள் ஒரு போட்டியாளரும் அடங்குவர் என்பது கருதத்தக்கது.

ஒவ்வோர் அணியிலும் நாற்பது பேர் ஆடினர். இரு பக்கத்துக் கோல் கம்பங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை மைல் தூரம் இருந்தது. வில்ஸ் அவர்களோடு மற்றொரு நடுவராகப் பணியாற்றியவர் ஜோன் மக்கடம் என்னும் இரசாயன அறிஞர். நீங்கள் விரும்பி உண்ணும் மக்கடேமியாப் பருப்பு அவர் பெயரையே கொண்டது. இருட்டும்வரை ஆடியும் பக்கத்துக்கு ஒரு கோலே விழுந்தது. ஓகஸ்ட் 21ஆம் திகதியும் செப்ரெம்பர் 4ஆம் திகதியும் மீண்டும் கூடி ஆடினர். வேறு கோல் எதுவும் விழவில்லை. மூன்று நாள் ஆடிய பின்னரும் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1859 மே மாதம் 17ஆம் திகதி, வில்ஸ் உள்ளிட்ட சிலர் கூடி மெல்பேண் உதைபந்தாட்டக் கழகத்தின் விதிகளை எழுதினர். இன்றைய அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் அவ்விதிகளிலிருந்து வளர்ந்ததே. அக்கழகத்தின் வீரர்கள் எமது பாடசாலைக்கு அண்மையில், கிரான்பர்ன் கிழக்கிலுள்ள கேசி மைதானத்திலே பயிற்சி பெறுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள்.

அவ்விரு கல்லூரிகளும் இன்றுவரை ஆண்டுதோறும் ஆடி வருகின்றன. 1988ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஆடுவது கோர்ட்னர் - எகிள்ஸ்ரன் கிண்ணத்துக்காக ஆகும். தலைமுறை தலைமுறையாக அவ்விரு கல்லூரிகளுக்கும் ஆடிய இரு குடும்பங்களின் பெயர்கள் அவை. கோர்ட்னர் குடும்பத்தைச் சேர்ந்த டொன் கோர்ட்னர், மெல்பேண் கழகத்துக்காக ஆடி 1946இல் பிரவுண்லோ பதக்கம் பெற்றவர். மாணவர்களே, ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்டம் தொடங்கியது 1858இல். இக்கிண்ணம் வந்தது 1988இல். நூற்று முப்பது ஆண்டுகள் இக்கிண்ணம் இல்லாமலே அப்போட்டி நிலைத்தது. கிண்ணத்தின் ஒரு பாதியில் எதிரணிக் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. எவர் வென்று கொண்டுபோனாலும் இரு பெயர்களையுமே கொண்டுபோக வேண்டும்.

முப்பது சதத்துச் சாடி

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1903ஆம் ஆண்டு மிச்சிக்கன் பல்கலைக்கழக அணியினர் மினசோட்டாப் பல்கலைக்கழக அணியோடு ஆடுவதற்கு மினியாபொலிஸ் நகருக்குச் சென்றனர். அவர்கள் பல ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்தவர்கள். எதிரூரின் தண்ணீரை நம்பலாமோ என அவர்களின் பயிற்றுநர் யோஸ்ற் ஐயுற்றார். எனவே அவ்வூர்க் கடையொன்றில் முப்பது சதத்துக்கு ஒரு மண்சாடி வாங்கப்பட்டது. ஆட்டம் ஆறுக்கு ஆறு என்ற கணக்கிற் சமநிலையாகியதும், இரசிகர் வெள்ளமெனத் திடலுட் புகுந்தனர். ஆட்டம் முற்றாக முடியுமுன்னரே நிறுத்தப்பட்டது. அந்தக் குழப்பத்தில் மிச்சிக்கன் அணியினர் சாடியை விட்டுவிட்டுச் சென்றனர்.

அதனைக் கண்டெடுத்தவர் ஒஸ்கார் மன்சன் என்னும் மினசோட்டாப் பணியாளர். அவர் அதனை எறிந்துவிடவில்லை, பேணி வைத்தார். சாடியைத் திருப்பித் தருமாறு மிச்சிக்கன் கேட்டபோது, "வந்து வென்று கொண்டுபோங்கள்" என்று விடை கிடைத்ததாகக் கூறுவர். 1909இல் அவர்கள் வந்தனர், வென்றனர், கொண்டு சென்றனர். அன்று தொட்டு அந்தத் தண்ணீர்ச் சாடியே இரு பல்கலைக்கழகங்களின் வெற்றிச் சின்னம். ஆண்டும் புள்ளிகளும் அச்சாடியின் மீதே எழுதப்பட்டு வருகின்றன.

இந்தியானா, பேர்டியூ என்னும் இரு பல்கலைக்கழகங்கள் பழைய மரவாளி ஒன்றுக்காக ஆடுகின்றன. கிணற்றில் நீர் அள்ளும் வாளி அது. வெல்லும் கல்லூரியின் முதலெழுத்தைத் தாங்கிய வளையம் ஒவ்வோர் ஆண்டும் வாளியின் சங்கிலியிற் சேர்க்கப்படும். 1925இல் நிகழ்ந்த முதலாட்டத்தில் எவரும் ஒரு புள்ளியும் பெறவில்லை. ஆகையால் முதல் வளையத்தில் இரு கல்லூரிகளின் எழுத்துக்களும் ஒருங்கே உள்ளன.

மெல்பேணில் ஒன்றுக்கு ஒன்று. மினியாபொலிசில் ஆறுக்கு ஆறு. வாளிக்கான முதலாட்டத்தில் ஒன்றுமேயில்லை. இம்மூன்று மரபுகளும் சமநிலையிலே தொடங்கியமை வியப்புக்குரியது. முடிவு காணாத ஆட்டம், இரு திறத்தாரையும் மறுபடி வரச்செய்கின்றது.

எமது நாட்டிலே

இலங்கையில் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1920ஆம் ஆண்டு முதல் றகர் ஆடி வருகின்றன. றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த பிராட்பி வழங்கிய கேடயம் 1945 முதல் அவ்வாட்டத்தின் பரிசாயிற்று. ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடி, இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே வெற்றி கணிக்கப்படும். ஆகையால் முதலாட்டத்தில் தோற்றவருக்கும் நம்பிக்கை எஞ்சியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோர் பலரும் அறிந்த பெரும் போட்டி கிரிக்கெட்டிலே அமைந்தது. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டிலே தொடங்கிய அவ்வாட்டத்தை வடக்கின் பெரும் சமர் என்பர். போர்க்காலத்திற் சில ஆண்டுகள் அது நடைபெறாமற் போனதுண்டு. எனினும் சூழல் இடங்கொடுத்த போதெல்லாம் இரு கல்லூரிகளும் மீண்டும் திடலுக்கு வந்தன. உண்மையான சமரினால் விளையாட்டுச் சமர் நின்றுபோன காலத்தைக் கண்டவர்களுக்கு, போட்டி வேறு, பகை வேறு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பித்தளைக் குடம்

பெயர் பெற்ற கல்லூரிகளைப் பற்றிக் கூறினோம். பெயர் பெறாத இரு பாடசாலைகளைப் பற்றியும் கூற விரும்புகின்றோம். அவற்றுள் ஒன்று, வன்னியில் நாம் ஆசிரியராகப் பணியாற்றிய பாடசாலை. மற்றையது அயற்கிராமத்துப் பாடசாலை. 2002ஆம் ஆண்டு முதல் இரண்டும் ஆண்டுக்கொருமுறை உதைபந்தாடின. பரிசு, ஊர்க் கடைக்காரர் ஒருவர் கொடுத்த பித்தளைக் குடம். வென்ற பாடசாலையின் பெயரும் ஆண்டும் அதன் கழுத்திலே பொறிக்கப்படும். 2007இல் குடம் எம்மிடம் இருந்தது. 2008இல் ஊர் இடம்பெயர்ந்தபோது, அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை எடுத்துச் சென்றோம். 2010இல் திரும்பிச் சென்றபோது அலுமாரியும் இல்லை. அறைக்குக் கூரையும் இல்லை. பதிவேடுகளும் குடத்தோடு போயின. எந்த ஆண்டு எவர் வென்றனர் என்பதற்குச் சான்றாக ஒரு துண்டுக் காகிதமும் எஞ்சவில்லை.

சென்ற ஆண்டு தைமாதத்தின் பின், மாணவர் சேர்க்கை நாளன்று, ஒரு தந்தையார் தம் மகளுடன் எமது வகுப்புக்கு வந்தார். ஊர் எதுவென வினவினோம். அயற்கிராமப் பாடசாலையின் பெயரைக் கூறினார். 2004இல் அவர்களின் அணியிலே பின்வரிசையில் ஆடியவர் அவர். நாம் குடத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுதான் தாமதம், ஆறு ஆண்டுகளையும் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார். நாம் நான்கு முறை வென்றோம் என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். மூன்று முறைதான் என்று அவர் திருத்தினார். 2005இல் அவர்கள் வென்றதை நாம் அடியோடு மறந்திருந்தோம். தம் பாடசாலை தோற்ற ஆண்டுகளையும் அவர் ஒளிக்காமற் கூறினார். ஓர் ஆண்டைக் குறித்து மட்டும் அவர் இணங்கவில்லை. "சேர், 2004இலை நீங்கள் அடிச்ச ரெண்டாவது கோல் ஓஃப்சைட். அண்டைக்கும் சொன்னனான், இண்டைக்கும் சொல்லுறன்" என்றார்.

அவர் கூறியவற்றை வரவுப் புத்தகத்தின் பின்தாளில் எழுதினோம். எமக்கு மூன்று வெற்றி, அவர்களுக்கு இரண்டு, சமநிலை ஒன்று. 2004ஆம் ஆண்டுக்கு நேரே ஒரு கேள்விக்குறியும் இட்டோம். அவர் அதனைப் பார்த்த பின்னரே எழுந்தார். அப்பட்டியலின் பிரதியை இரு பாடசாலை அதிபர்களுக்கும் அனுப்பி வைத்தோம்.

நாம் பூட்டி வைத்த குடம் தொலைந்தது. நாம் நினைவில் வைத்த கணக்கும் பிழைத்தது. எமது வெற்றிகளைச் சரியாகக் காத்து வைத்திருந்தவர், எம்மிடம் தோற்ற ஒருவரே. மினசோட்டாவின் ஒஸ்கார் மன்சன் எதிரணியின் சாடியைப் பேணியதும் இத்தகையதே. வென்றவர் தம் வெற்றியை மிகைப்படுத்தியும் கூறுவர், மறந்தும் விடுவர். தோற்றவர் ஒத்துக்கொள்ளும்போதுதான் அது வரலாறாகின்றது.

மாணவர்களே, இப்பாடசாலையில் உங்களோடு பேச்சுப் போட்டியிலும் ஓட்டத்திலும் போட்டியிடுபவரை இவ்வாறு நோக்குங்கள். இருபது ஆண்டுகளின் பின், நீங்கள் இங்கே தமிழ் பேசி ஆடி வளர்ந்தீர்கள் என்பதற்கு அவரே சாட்சியாக இருப்பார். பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு நாம் பயின்ற பாடசாலையின் பெருமையைக் கூறுகின்றோம். எதிர்ப்பாடசாலையின் பெருமையையும் கூறுவோமாக. அது இல்லாமல் நமது கதை பாதிக் கதையே.

அந்த மாணவரின் வினாவுக்கு விடை இதுதான்: ஆம், தம்பி, சாடியும் வாளியும் குடமும் தண்ணீருக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை வெற்றிச் சின்னங்களாக்கியவர் இரு பக்கத்தாரும் சேர்ந்தே.

பயிற்சி

1. 1858ஆம் ஆண்டு ஆட்டம் எத்தனை நாள் நடைபெற்றது? அதன் முடிவு யாது?

2. வாளிச் சங்கிலியின் முதல் வளையத்தில் இரு எழுத்துக்கள் இருப்பது ஏன்?

3. ‘போட்டி’, ‘பகை’ என்னும் சொற்களை வேறுபாடு தோன்றத் தனித்தனி வாக்கியத்தில் அமைக்குக.

4. உங்கள் தாய் அல்லது தந்தை பயின்ற பாடசாலை எந்தப் பாடசாலையோடு போட்டியிட்டது எனக் கேட்டறிக. அப்பாடசாலையிற் பயின்ற ஒருவரை மெல்பேணிற் கண்டுபிடித்து, அவர் கூறும் கதையைப் பத்து வரிகளில் எழுதி வருக. இருவர் கதையும் ஒவ்வாதவிடத்துக் கேள்விக்குறி இடுக.