தூசியுள் துயின்ற ஏடுகள்

மனிதன் எழுதுவனவெல்லாம் ஒரே நிலையில் வாழ்வதில்லை. காவியங்களையும் சமய நூல்களையும் மக்கள் படியெடுத்துப் பாதுகாப்பர். வணிகனுடைய கணக்கையும், தாய்க்கு மகன் எழுதிய கடிதத்தையும், பள்ளிச் சிறுவன் எழுதிப் பழகிய தாளையும் எவரும் பாதுகாப்பதில்லை. அவை அன்றன்றே பயன்பட்டு அன்றன்றே அழிகின்றன. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதை உண்டனர், எதற்கு அஞ்சினர், எவரை எண்ணி ஏங்கினர் என்பவற்றை அறிவிக்க வல்லவை இச்சிறு தாள்களே. இத்தகைய தாள்கள் இலட்சக்கணக்கில் ஓரிடத்தில் தேங்கிக் கிடந்து, பின்னர் ஒரு பல்கலைக் கழகத்தின் நூல் நிலையத்தை வந்தடைந்த வரலாறு வியப்புக்கும் சிந்தனைக்கும் உரியதாகும்.

எகிப்து நாட்டின் தலைநகரமாகிய கெய்ரோவின் தென்பகுதியில் புஸ்தாத் என்னும் பழைய நகரம் இருந்தது. அங்கே யூதர்களுடைய தொழுகைக்கூடம் ஒன்று உண்டு. அதற்குப் பென் எஸ்ரா தொழுகைக்கூடம் என்று பெயர். இறைவன் திருப்பெயர் எழுதப்பெற்ற ஏட்டைக் கிழித்தெறிவதோ எரிப்பதோ யூதர்களின் வழக்கமன்று. பழுதுற்ற ஏடுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பின்னர் மண்ணில் முறைப்படி புதைப்பர். அவ்வாறு சேர்த்து வைக்கும் இடத்திற்குக் 'கெனிசா' என்று பெயர்.

புஸ்தாத் நகரத்துக் கெனிசா, சன்னலோ கதவோ இல்லாத ஓர் இருண்ட அறை. சுவரின் மேற்பகுதியில் அமைந்த ஒரு துளையே அதன் வாயில். ஏணி வைத்து ஏறி, அத்துளையின் வழியாக ஏடுகளை உள்ளே இடுவர். அங்கே இடப்பெற்றவற்றைப் புதைக்கும் வழக்கம் பெரும்பாலும் பின்பற்றப்படவில்லை. மேலும், சமய ஏடுகளோடு எபிரேய எழுத்தில் எழுதப்பெற்ற ஏனைய தாள்களும் அவ்வறையுள் இடப்பெற்றன. அக்காலத்து எகிப்திய யூதர்கள் அரபு மொழியையே பேசினர். ஆனால், அதனை எபிரேய எழுத்தில் எழுதினர். ஆகவே கடிதம், கணக்கு, திருமண ஒப்பந்தம், நீதிமன்ற வாக்குமூலம், மருந்துக் குறிப்பு ஆகிய யாவும் அங்கே சென்று சேர்ந்தன. 11ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இவ்வாறு தாள் மேல் தாள் குவிந்தது. எகிப்தின் வறண்ட காற்று அவற்றை மக்கிப் போகாமல் காத்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தொழுகைக்கூடம் புதுப்பிக்கப்பட்டது. அப்போது பல ஏடுகள் வெளியேறிப் பழம்பொருள் விற்பவர் கைகளை அடைந்தன. 1896ஆம் ஆண்டில் கிழக்கு நாடுகளில் பயணம் செய்த ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர் அவ்வேடுகள் சிலவற்றை விலைக்கு வாங்கினர். இருவரும் பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர். அவர்கள் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகருக்குத் திரும்பியதும், அங்குப் பல்கலைக் கழகத்தில் யூத நூல்களைக் கற்பித்து வந்த சாலமன் செக்டர் என்னும் பேரறிஞரிடம் அவற்றைக் காட்டினர்.

செக்டர் ஓர் ஏட்டை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பென் சீரா என்னும் பழம்புலவர் இயற்றிய அறநூலின் எபிரேய மூலத்தில் ஒரு பகுதி அது. கிரேக்கம், சிரியாக் முதலிய மொழிகளில் அந்நூலின் மொழிபெயர்ப்புகள் வழங்கி வந்தன. மூலமோ பல நூற்றாண்டுகளாகக் காணாமற்போயிருந்தது. 1896 மே 13ஆம் நாள் அது மீண்டும் மனிதர் கண்ணிற்பட்டது. ஓர் ஏடு இவ்வாறாயின், அது பிறந்து வந்த இடத்தில் இன்னும் எத்தனை ஏடுகள் இருத்தல் கூடும் என்று செக்டர் எண்ணினார்.

தூய யோவான் கல்லூரியின் தலைவராகிய சார்லஸ் டெய்லர், கணிதத்திலும் எபிரேய மொழியிலும் வல்லவர். அவர் பயணச் செலவை ஏற்றுக்கொண்டார். 1896ஆம் ஆண்டின் இறுதியில் செக்டர் கெய்ரோவை அடைந்தார். அவர் இரவில் சென்று எடுத்து வரவில்லை. அறிமுகக் கடிதங்களோடு சென்று, அந்நகர யூதர்களின் தலைமைக் குருவைக் கண்டு, தம் நோக்கத்தைத் தெரிவித்தார். ஏடுகளைக் கொண்டுசெல்ல ஊரவரின் இசைவைப் பெற்ற பின்னரே அறைக்குள் இறங்கினார்.

உள்ளே இருந்தவை நூல்களல்ல, நூல்களின் சிதைவுகள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. ஒரு கட்டியைப் பிரித்தால் பல நூற்றாண்டுத் தூசி எழுந்து கண்ணையும் தொண்டையையும் அடைத்தது. செக்டரின் உடல்நலம் கெட்டது. ஆயினும், அவர் வாரக்கணக்கில் அங்கேயே உழைத்தார். அச்சிட்ட தாள்களைப் பெரும்பாலும் விலக்கிக் கையெழுத்து ஏடுகளை மட்டும் பைகளில் நிரப்பினார். 1897ஆம் ஆண்டில் அவை கப்பலேறிக் கேம்பிரிட்ஜை அடைந்தன.

ஏடுகள் வந்து சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியது. ஓர் ஆவணம் ஒருவர் கையினின்றும் ஒரு கழகத்தின் காப்புக்கு மாறுவதற்குச் சில முறைகள் உண்டு. முதலாவது, உரிமை. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எந்த நிபந்தனையின் பேரில் கொடுக்கப்படுகிறது என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். செக்டரும் டெய்லரும் தம் ஏடுகளைப் பல்கலைக் கழகத்திற்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தனர். அவற்றைத் தனித் தொகுதியாக வைத்தல் வேண்டும். பழுது நீக்கி ஒழுங்கு செய்து பட்டியலிடல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் விதித்தனர். 1898ஆம் ஆண்டில் பல்கலைக் கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அத்தொகுதி 'டெய்லர்-செக்டர் தொகுதி' என்று வழங்கி வருகிறது.

இரண்டாவது, வரவுப் பதிவு. காப்பகத்தை அடையும் ஒவ்வொரு தொகுதியும் எங்கிருந்து வந்தது, எந்நாளில் வந்தது, எத்தனை பெட்டி, எந்நிலையில் இருந்தது என்பவை பதிவேட்டில் எழுதப்பெற வேண்டும். வந்த அடுக்கு முறையையும் கலைத்தலாகாது. எந்தத் தாளோடு எந்தத் தாள் கிடந்தது என்பதே பல சமயங்களில் அவற்றை எழுதியவர் யார் என்று காட்டிக் கொடுக்கும். மூன்றாவது, காப்பு. தூசி துடைத்து, சுருக்கம் நீக்கி, தாளின் தன்மைக்கேற்ற உறையில் இட வேண்டும். நான்காவது, அடையாள எண். எண்ணில்லாத ஏடு ஊரில்லாத மனிதனைப் போன்றது. அதனைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

கேம்பிரிட்ஜில் செக்டர் தூசிக்கு அஞ்சி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நாள்தோறும் ஏடுகளைப் பிரித்தார். அறையெங்கும் பெட்டிகள் சூழ, நெற்றியில் கைவைத்து அவர் அமர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று புகழ் பெற்றது. சிறந்தவை எனக் கருதப்பெற்ற ஏடுகள் கண்ணாடிகளுக்கிடையே வைக்கப்பெற்றன. மற்றவை பொருள் வாரியாகப் பெட்டிகளில் அடுக்கப்பெற்றன. 1902ஆம் ஆண்டில் செக்டர் அமெரிக்கா சென்றார். அதன்பின் எர்னஸ்ட் வார்மன் என்னும் நூல் நிலைய ஊழியர் எபிரேயமும் அரபும் தாமே முயன்று கற்று, அப்பணியைத் தொடர்ந்தார். அவர் 1909ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் வேலை தளர்ந்தது.

அக்காலத்து அறிஞர்கள் பெரிதும் நாடியவை சமய நூல்களும் இலக்கியங்களுமே. பயனற்றவை என்று எண்ணப்பெற்ற துண்டுகள் பெட்டிகளிலேயே கிடந்தன. 1950களில் கோயிட்டைன் என்னும் வரலாற்றறிஞர் அப்பெட்டிகளைக் கண்டார். பிறர் குப்பையென்று ஒதுக்கியவற்றுள், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் முழு வாழ்க்கையும் அடங்கியிருப்பதை அவர் உணர்ந்தார். அவ்வேடுகளினின்றும் புதுத்தொகுதி ஒன்று வகுக்கப்பெற்றது. அவற்றைக் கொண்டு கோயிட்டைன் எழுதிய வரலாறு, 1967ஆம் ஆண்டு முதல் ஆறு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1970களில் கேம்பிரிட்ஜில் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. அதன்பின் எஞ்சிய துண்டுகளும் எண் பெற்றன. இன்று அங்குள்ள ஏடுகளும் துண்டுகளும் ஏறத்தாழ 1,93,000 ஆகும்.

அவ்வேடுகள் கூறும் செய்திகள் பலப்பல. எபிரேய எழுத்துக்களைப் பெரிதாக வரைந்து வண்ணமிட்ட சிறுவர் பாடத்தாள்கள் அவற்றுள் உண்டு. இந்தியாவோடு நிகழ்ந்த கடல் வாணிகம் பற்றிய கடிதங்களும் உண்டு. ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகர், இன்றைய துனிசியாவிலுள்ள மஹ்தியா நகரினர். அவர் 12ஆம் நூற்றாண்டில் நம் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள மங்களூரில் பல்லாண்டு வாழ்ந்தார். மிளகும் இரும்பும் பாக்கும் அவரிடமிருந்து ஏடன் துறைமுகத்திற்குச் சென்றன. ஏடனில் இருந்த நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் எழுதுவதற்குரிய காகிதமும் அனுப்பினர். நம் நாட்டுக் கடற்கரையின் கதை ஒன்று எகிப்தின் இருட்டறையில் எண்ணூறு ஆண்டுகள் காத்திருந்தது எனலாம்.

வேறொரு கடிதம் படிப்பவர் நெஞ்சை உருக்குவது. யூத சமயப் பேரறிஞரும் மருத்துவருமாகிய மைமோனிடிஸ் என்பவருக்குத் தாவீது என்று ஒரு தம்பி இருந்தார். அண்ணன் நூல்களில் ஆழ்ந்திருக்க, தம்பி வாணிகம் செய்து குடும்பத்தைக் காத்தார். ஏறத்தாழ 1170ஆம் ஆண்டில் அவர் பாலைவனத்தைக் கடந்து, செங்கடற்கரையிலுள்ள ஐதாப் துறைமுகத்தை அடைந்தார். அங்கே வாங்கத்தக்க சரக்கு இல்லை. எனவே இந்தியாவுக்குச் செல்லத் துணிந்தார். பாலைவனத்தில் தம்மைக் காத்த இறைவன் கடலிலும் காப்பான் என்றும், வீட்டிலுள்ளோருக்கு ஆறுதல் கூறுமாறும் அண்ணனுக்கு எழுதினார். அவர் திரும்பவில்லை. இந்தியக் கடலில் மூழ்கி இறந்தார். அத்துயரால் மைமோனிடிஸ் நெடுநாள் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். தம்பி எழுதிய அக்கடிதம் கேம்பிரிட்ஜ் நூல் நிலையத்தில் இன்றும் உள்ளது. எண்ணும் உறையும் பெற்றுப் பாதுகாக்கப்பட்டமையால், அந்த அன்பு மறையாமல் நிற்கிறது.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சியோடு வருத்தமும் கலந்துள்ளது. செக்டர் செல்வதற்கு முன்னும் பின்னும் பல ஏடுகள் வணிகர் வழியே விற்கப்பட்டன. அவை ஆக்ஸ்போர்டு, இலண்டன், நியூயார்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், புடாபெஸ்ட் முதலிய நகரங்களுக்குச் சிதறின. ஒரு கடிதத்தின் மேற்பாதி ஒரு நாட்டிலும் கீழ்ப்பாதி வேறு நாட்டிலும் தங்கின. அறையில் ஏடுகள் கிடந்த அடுக்கு முறையும் எவராலும் குறித்து வைக்கப்படவில்லை. எது எதனோடு சேர்ந்திருந்தது என்று இனி எவராலும் உறுதியாகக் கூறல் இயலாது. தாள்கள் தப்பின, அவற்றின் வைப்பு முறை தப்பவில்லை. எடுக்கும்போதே எழுதி வைத்திருப்பின், பின்வந்தோரின் பல்லாண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்.

பிரிந்தவற்றை இணைக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. சகோதரியர் இருவரும் சேர்த்த ஏறத்தாழ 1,700 ஏடுகள் கேம்பிரிட்ஜிலுள்ள ஒரு கல்லூரியின் உடைமையாய் இருந்தன. 2013ஆம் ஆண்டில் அவை விலைக்கு வந்தன. அப்போது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக் கழகங்களின் நூல் நிலையங்களும் போட்டியிடாமல் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி அவற்றை வாங்கின. ஏடுகள் மீண்டும் சிதறாமல் காக்கப்பட்டன. உலகின் பல நகரங்களிலுள்ள ஏடுகள் படமெடுக்கப்பெற்று, கணிப்பொறியின் துணையால் ஒப்பிடப்பெறுகின்றன. கடல் கடந்து பிரிந்த பாதிகள் திரையில் ஒன்று சேர்கின்றன.

தாளைக் காப்பது தூசியைத் துடைப்பது மட்டுமன்று. உரியவரின் இசைவு பெறுதல், வந்த வழியைப் பதிதல், அடுக்கைக் கலையாமை, எண்ணிடுதல், கேட்பவர்க்கு எடுத்துக் கொடுத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஆவணக் காப்பு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏடு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். ஒரு தலைமுறை குப்பையென ஒதுக்குவதை அடுத்த தலைமுறை செல்வமெனப் போற்றக்கூடும். ஆதலால், பழைய தாள் ஒன்றைக் கிழித்தெறியுமுன், அதில் எவருடைய குரல் அடங்கியுள்ளது என்று ஒருமுறை படித்துப் பார்த்தல் அறிவுடையார் செயலாகும்.