பல்லில் கை வைப்பதற்கு முன்னால், தங்கச்சி

டென்டல் ஹைஜீனிஸ்ட் படிக்கலாமா அக்கா என்று கேட்டாய். தாராளமாகப் படி. ஆனால் அப்பா ஃபீஸ் கட்டக் கிளம்புவதற்கு முன்னால் காலேஜ் ஆபீசில் ஒன்றை மட்டும் கேட்டுவிடு: "இதை முடித்தால் மாநில டென்டல் கவுன்சிலில் ஹைஜீனிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா?" பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடு. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, அதற்குப் பிறகு இரண்டு வருட டிப்ளமோ. இதுதான் நேர்வழி. என் தோழி ஒருத்தி ஆறு மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டினாள். இன்று கிளினிக்கில் சிமென்ட் குழைத்துக் கொடுக்கிறாள். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அவள் ஆசைப்பட்டது அது இல்லை.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே நம் வேலையை எழுதி வைத்துவிட்டார்கள். பல்லில் படியும் காரையை எடுப்பது, சுத்தம் செய்வது, பாலிஷ் போடுவது, பல் பராமரிப்பைச் சொல்லித் தருவது. பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர் வேலை. டென்டல் மெக்கானிக் என்பது பல்செட் செய்கிறவர்களின் படிப்பு. ஃபாரத்தில் அதை டிக் பண்ணிவிட்டு வந்து அழாதே.

பல் எண்களைக் கண்ணாடி பார்த்து மனப்பாடம் செய்யாதே. கண்ணாடியில் உன் வலது வலப்பக்கமே தெரியும். எதிரில் இருப்பவரின் வலதோ உனக்கு இடப்பக்கம். அம்மாவை எதிரே உட்கார வைத்து, மேல் வலது முன்பல் 11 என்று தொடங்கி, கீழ் வலது கடைசிக் கடைவாய்ப்பல் 48 வரை சொல்லிப் பார்.

கைப்பழக்கம்தான் நிஜமான படிப்பு. மாதிரித் தாடையில் ஈறோரமாகக் காரைக்குப் பதில் நெயில் பாலிஷ் பூசி, காயவிட்டு, ஸ்கேலரால் சுரண்டி எடுப்போம். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியே இருக்க வேண்டும். முதல் வாரம் நான் விரலைத் தூக்கிவிட்டேன். ஸ்கேலர் வழுக்கி ரப்பர் ஈறு கிழிந்தது. ரப்பரோடு போயிற்றே!

அடுத்தது பேச்சு. "கிளீன் பண்ணா பல்லு ஆடிடுமாமே?" என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள், வெற்றிலை போடும் பாட்டிகள் கட்டாயம் கேட்பார்கள். சிரிக்காதே. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை முட்டுக் கொடுத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், பழி நம் மேல் விழும். அதனால் தொடங்கும் முன்பே கைக்கண்ணாடியைக் கொடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டு. எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் காரை அங்கேதான் அதிகம் படியும். ஆடும் பல்லை டாக்டரிடம் முதலிலேயே காட்டிக் குறித்து வைத்துக்கொள்.

துபாய் கனவு இருந்தால் மார்க்‌ஷீட், பதிவுச் சான்றிதழ், வேலை பார்த்த இடத்துக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வை. டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பில் நேராக உன் காலேஜையே கேட்பார்கள். உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வு வேறு இருக்கிறது.

இன்னொன்று, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. நோயாளியின் ரத்தத்தில் கை வைப்பதற்குள் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள். அட்டையையும் அந்த ஃபைலிலேயே வை.